பதினாலாம் நம்பர் வீட்டில் யார்?

"டீச்சர், எங்க மிஷின் பொய் சொல்லலை. ஆனா ஊரே அதைப் பொய்யன்னு தள்ளுது."

படியேறிய மூச்சு அடங்குமுன்னே சவரிமுத்து சொன்னார். வயது ஐம்பத்தாறு. தொலைந்துபோன பிள்ளைகளை வீடு சேர்க்கும் இல்லத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பூங்கோதைக்கு இருபத்தொன்பது. இந்தக் குடியிருப்புக்கு வந்து ஒரு வாரம்தான். இடுப்பில் மகள், கையில் பருப்புச்சோறு.

"மெயில் திரும்புதா அண்ணாச்சி?"

"மூணு தடவை. ஒடியா பேசுற பிள்ளை ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. ஊர் பேரைச் சொல்லிட்டுது. அந்த ஜில்லா ஆபீசுக்குப் படத்தோட எழுதினா, 'உங்க மிஷினோட இன்டர்நெட் நம்பருக்குப் பேரே இல்ல, வாங்க மாட்டோம்'ங்கான். பிள்ளை தினமும் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு டீச்சர்."

"நம்பருக்குப் பேர் எழுதலையா?"

"எழுதிட்டேன்! எங்க மிஷின்லயே, நீங்க சொன்னபடி நம்பரைப் பின்னாலருந்து திருப்பி எழுதி, அதுக்கு நேரே பேரைப் போட்டு. கேட்டா டாண்ணு சொல்லுது."

"எங்க உக்காந்து கேட்டீங்க?"

"அது முன்னாலதான்."

பூங்கோதை ஒரு வாய் ஊட்டினாள். மகள் அதைச் சவரிமுத்துவின் சட்டையில் துப்பினாள்.

"கேட்டுக்கு வெளிய போய் நின்னு, பதினாலாம் நம்பர் வீட்ல யாருன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு வாங்க."

"பதினாலு நீங்கதான?"

"கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

மூன்று மாடி. முழங்கால் முனகியது.

அவர் வரும்போது டீக்குப் போயிருந்த வாட்ச்மேன் மாடசாமி இப்போது கேட்டில் இருந்தார். நோட்டைப் புரட்டினார்.

"பதினாலா? ஆள் இல்ல."

"இப்பதானய்யா அங்கருந்து இறங்கி வாரேன்! கதவுல பேர் எழுதியிருக்கு. பக்கத்துல பூ வேற வரைஞ்சிருக்கு."

"தேரே வரைஞ்சிருக்கட்டும். வாரவன் எங்கிட்டதான கேப்பான்? எங்கிட்ட யார் சொன்னா?"



சவரிமுத்து பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நோட்டைக் குடுங்க."

"வீட்ல எத்தனை பேர்? எல்லார் பேரும் எழுதணும்."

"பேர் எதுக்கு? நாளைக்கு விருந்தாளி வருவாக, போவாக." பதினாலுக்கு நேரே எழுதினார்: மேலே போய்க் கேட்கவும்.

அங்கேயே நின்று, இல்லத்துக்கு நம்பர்களை வாடகைக்குத் தந்த இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"தம்பி, எங்க நம்பருக்கு என்ன பேர்னு யார் கேட்டாலும் எங்க மிஷினைக் கைகாட்டிவிடுங்க. நீங்க பதில் சொல்ல வேண்டாம்."

"அது நீங்களே போட்டுக்கிறதுதானே சார்?"

"கதவுல போட்டாச்சு. நோட்டு உங்ககிட்டல்லா இருக்கு!"

மறுநாள் பூங்கோதைக்குப் போன் வந்தது.

"டீச்சர், முடிஞ்சிட்டுன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான்."

"அப்படியா?" என்றாள்.

சவரிமுத்து போனை வைத்தார். பிறகு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். கடைக்காரரின் கம்ப்யூட்டரில், இல்லத்தின் நம்பருக்கு என்ன பேர் என்று, யாரோ ஒரு வெளியாள் கேட்பதுபோலக் கேட்டார்.

கம்பெனிக்காரன் கைகாட்டியிருந்தான். போன வருஷம் இல்லத்தில் கழற்றிப் போட்ட பழைய மிஷினை.

கம்பெனிக்கு மறுபடி போன். மறுபடி ஜெராக்ஸ் கடை. நாலாவது தடவை கடைக்காரர் நாற்காலியையே அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஐந்தாவது தடவை, பேர் வந்தது. ஜில்லா ஆபீசுக்குப் போட்ட நாலாவது மெயில் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கேட்டில் மாடசாமி மறித்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"என்னைத் தெரியலையா?"

"தெரியும். யாரைப் பாக்கணும்?"

"பதினாலு."

நோட்டைப் புரட்டிக் கண்ணைச் சுருக்கினார். "மேல போய்க் கேக்கணுமாம். எவன் எழுதினானோ, கோழி கிண்டுன மாதிரி!"

சவரிமுத்து மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார்.

"டீச்சர், அந்தப் பிள்ளையோட அப்பா கிளம்பிட்டாராம்!"

"யார் சொன்னா?"

"அவரேதான் டீச்சர். ரயில்லருந்து."