சத்தமில்லாத இன்ஜின்

இந்தக் கதையில் வருகிற குருவுக்குத் தாடி கிடையாது. வயசும் கிடையாது. இருபதைத் தாண்டிச் சொச்சம், அவ்வளவுதான். பேர் குருவம்மாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்பாவின் ஒர்க்ஷாப்பில் ஸ்பானரைப் பிடித்தவள்.

சீடருக்குத்தான் வயசு ஜாஸ்தி. தலை பாதி நரைத்துவிட்டது. மைக்செட் மாசானம் என்றால் செங்குளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் அவளைக் 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். என் கார் இன்ஜினை நானே வீட்டில் வைத்துப் பிரித்துப் பூட்டணும், சொல்லிக்கொடு என்று அவள் முன்னால் போய் நின்ற நாளிலிருந்து கிண்டல் எங்கேயோ போய்விட்டது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பூட்டியும் முடித்தார். ஓடவும் ஓடியது. ஆனால் சூடானால் படுத்துவிடும்.

அன்றைக்கு மத்தியானம் அது மலையடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டி, முதல் ஏற்றத்திலேயே படுத்தது. பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு ஏற்றிய பெட்டிகள் கூரைவரை நின்றன. மேலே மேலக்காடு ஊரில் கோயில் கொடை, வருஷத் திருவிழா. விளக்கு வைக்கிறதுக்குள் மைக்செட் போய்ச் சேர வேண்டும்.

போன வருஷமும் இதே கார் இதே மலையில்தான் நின்றது. வில்லுப்பாட்டுக்காரர் மைக் இல்லாமல் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, சாமி கதை பாதியில் நின்றுபோனது. ஊர்க்காரர்கள் ஏசியிருந்தால்கூட மாசானம் தாங்கியிருப்பார். அவர்கள் ஏசவில்லை. அடுத்த கொடைக்கும் வரவில்லையென்றால் அப்புறம் மலை ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அப்பா காலத்திலிருந்து அந்தச் சாமிக்கு இவர்கள் வீட்டு மைக்தான். கொடை மாசம் என்பதால் வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டிகூடக் கிடைக்கவில்லை.

வேறு வழி இல்லாமல்தான் குருவம்மாளுக்குப் போன் போட்டார். அதற்கு முந்தி பல நாளாக அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் விட்டவர் அவர். எடுத்தால் தொணதொண என்று ஒரே பாட்டு. அதை அளந்தியளா, இதை அளந்தியளா.

அவள் பைக்கை ஓரமாக நிறுத்தினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மாசானம் கொட்டித் தீர்த்தார். கார்புரேட்டரைக் கழுவியாச்சு. பிளக் எல்லாம் புதுசு. காயிலை மாற்றியாச்சு. இருந்த பெட்ரோலை வடித்துவிட்டு வேறு பெட்ரோலும் ஊற்றியாச்சு.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் குரு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

"ஸ்டார்ட் பண்ணுங்க."

நின்று கொஞ்சம் ஆறியிருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது. என்ன ஒரு அமைதி. பூனை நடக்கிற மாதிரி ஓடியது. அந்த நிலைமையிலும் மாசானத்துக்கு ஒரு பெருமை, மறைக்கப் பார்த்தும் முகத்தில் தெரிந்தது.

குருவம்மாள் குனிந்து காதைக் கொடுத்தாள். அவள் முகம்தான் சுருங்கியது.

"பூட்டின அன்னைக்கு டிக் டிக்னு ஒரு சத்தம் இருந்துச்சே அண்ணாச்சி. எங்க அது?"

"நிப்பாட்டிட்டேன்."

அதை அவர் ஒரு சாதனையாகத்தான் சொன்னார். மைக்செட்காரனுக்குப் பாட்டு இரண்டாவது, இரைச்சலைக் கொல்வதுதான் முதல் வேலை. பெட்டியில் 'ம்ம்ம்' என்று ஒரு இழுப்பு இருந்தால் மாசானத்துக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷன், தன் கையால் பூட்டிய இன்ஜின் டிக் டிக் என்றால் விடுவாரா? மேல்மூடியைத் திறந்து தேடியிருக்கிறார். இன்ஜின் மூச்சு விடத் திறந்து மூடுகிற வால்வு, அதை அமுக்குகிற இரும்புக் கை, இரண்டுக்கும் நடுவில் இத்துனூண்டு இடைவெளி. அதில் தட்டித்தான் சத்தம். ஒவ்வொரு திருகாணியாக இறுக்கி, இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட்டார். சத்தம் செத்தது.

அந்த இடைவெளியை வைக்கச் சொன்னதே குருவம்மாள்தான். அதற்கென்று பிளேடு மாதிரி ஒரு மெல்லிய தகட்டையும் கொடுத்திருந்தாள்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் குலுங்கத் தொடங்கியது. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அவள் ஒரு பிளக்கைக் கழற்றினாள். ஈரத்துணியைச் சுற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை அமுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சாவியைத் திருகினாள். இன்ஜின் சுற்றியது. மாசானத்தின் விரலை எதுவும் தள்ளவில்லை. குழந்தை ஊதுகிற மாதிரி லேசாகக் காற்று வந்தது. தள்ளுகிற தள்ளில் விரல் தெறிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும்.

மேல்மூடியைத் திறந்து, தகட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இதை உள்ள விடுங்க."

"போகாது. போகக்கூடாதுன்னுதான இறுக்கினேன்."

"இரும்பு சூடானா என்ன ஆகும்?"

"நீளும்," என்றவர் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார்.

நீண்டால் எங்கே போகும்? போக அவர் இடம் வைக்கவில்லை. வால்வைத்தான் அமுக்கும். அமுக்கிக்கொண்டே இருந்தால் வால்வு மூடாது. மூடாவிட்டால் மூச்செல்லாம் வெளியே. கார்புரேட்டரும் காயிலும் பாவம், சும்மா அடி வாங்கியிருக்கின்றன.

அடுத்த நொடி ஸ்பானரும் கையுமாகப் பாய்ந்தார்.

"ஆறட்டும்."

"வெயில் சாயுது குரு."

"சூட்டுல அளந்தா தப்பாத்தான் போகும். ஆறட்டும்."

அவருக்குப் பொறுக்கவில்லை. டிக்கியிலிருந்து தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இன்ஜின் பக்கம் போனார். குருவம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள். ஊற்றினால் சூட்டு இரும்பு வெடித்துவிடும், அப்புறம் சாமியே இறங்கி வந்தாலும் இந்த வண்டி ஓடாது என்றாள். கேன் கீழே வந்தது.

உட்கார்ந்தார்கள். மேலக்காட்டிலிருந்து போன் வந்தது. வந்துகொண்டே இருக்கிறேன் என்றார் மாசானம், கல்லின் மேல் உட்கார்ந்தபடி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எடுக்கப் பயந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க," என்றாள். "இரைச்சல்னு என் போனை மட்டும் எடுக்காம விட்டீங்களே. அது போதும்."

அவர் எடுத்தார். உள்ளதைச் சொன்னார். வண்டி நின்றுவிட்டது, ஆறுகிறது, வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். விளக்கு வைக்கிறவரைக்கும் பார்ப்போம், அதுக்கு மேல் முடியாது என்று மலையிலிருந்து பதில் வந்தது.

போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார், வால்வு எரிந்துபோயிருந்தால்?

"எரிஞ்சிருந்தா, இனிமே நீங்க இடைவெளி வச்சும் பிரயோஜனமில்ல."

"எரிஞ்சிருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உள்ள நானா உட்கார்ந்திருக்கேன்?"

பொய் சொல்லியாவது தேற்றக்கூடாதா என்று மாசானத்துக்கு எரிச்சலாக வந்தது. வேறு மெக்கானிக் யாராவது தேற்றியிருப்பான்.

இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் தலையாட்டினாள். அதற்குமேல் அவள் கை வைக்கவில்லை. இன்ஜின் சுற்றி அடுத்தடுத்த வால்வு மூடுவதற்காக, ரிவர்ஸ் கியரில் போட்ட காரை அவள் இறக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுக்க, அவரே ஒவ்வொரு வால்வாகத் தளர்த்தி, தகட்டை விட்டுப் பார்த்தார். முதலில் லொடலொட என்று போனது. வேண்டாம் என்றாள். இறுக்கினார், போகவே இல்லை. அதுவும் வேண்டாம் என்றாள். தகட்டை இழுத்தால் லேசாகப் பிடிக்கணும், ஆனால் வரணும். அந்த அளவு கைக்குப் பிடிபடுவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மறுபடியும் கட்டைவிரல். மாசானம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சாவியைத் திருகினாள்.

'டப்' என்று விரல் தெறித்தது.

அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மற்ற மூன்று பிளக் ஓட்டையிலும் வைத்துப் பார்த்தார். மூன்றும் தள்ளின.

ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம் வந்தது. டிக் டிக் டிக் டிக். பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கியரைப் போட்டார். பைக்கைச் செக்போஸ்ட்டில் விட்டுவிட்டு அவளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஏற ஏறச் சத்தம் பாறையில் மோதி இரண்டாகத் திரும்பி வந்தது. மாசானத்தின் கண் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளை விட்டு நகரவில்லை. முள் ஏறியது. போன வருஷம் நின்ற வளைவு வந்தது. வண்டி குலுங்கவில்லை, டிக் டிக் என்றபடியே வளைந்து மேலே போனது.

மேலக்காட்டுக்குள் நுழைந்தபோது பூசாரி கையில் தீப்பெட்டியோடு நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் தீக்குச்சியை உரசாமல் கையை ஆட்டினார். பையன்கள் பெட்டியை இறக்க ஓடிவந்தார்கள்.

மாசானம் மட்டும் இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காது பூராவும் அதிலேயே இருந்தது.

"எல்லாம் சரி குரு. இந்தச் சத்தம் எப்ப நிக்கும்?"

குருவம்மாள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"நின்னாத்தான் அண்ணாச்சி பயப்படணும்."