கழுத்து பின்னால் போன கவுன்

எஸ்தர் டீச்சர் சாந்தமானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாளையங்கோட்டையில் அவரிடம் பாடம் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. அதுதான் கொடுமை. கத்தித் திட்டினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுப் பழைய பொம்மைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். மரப்பாச்சி, பீங்கான் முகம் வைத்த சீமைப் பொம்மை, படுக்க வைத்தால் கண் மூடுகிற பொம்மை என்று வீடு முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். பொம்மையைவிடப் பொம்மையின் உடுப்புக்குத்தான் அவரிடம் மரியாதை அதிகம். அந்துருண்டை கிட்டே வரக்கூடாது, வசம்புதான். வெயிலில் காயப்போடக்கூடாது. மடித்து வைத்த பட்டுப் பாவாடையை அப்பப்ப எடுத்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.

அவருடைய சீடர் கோமதிநாயகம். சீடர் டீச்சரைவிட நல்ல மூத்தவர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார், அண்ணாச்சி அவரை டீச்சர் என்பார், இருவருக்கும் அது பழகிவிட்டது. குழந்தைகள் ரெடிமேட் கடை நடத்தி, மகன் கையில் ஒப்படைத்துவிட்டு வந்த மனிதர். துணியைத் தொட்டதும் என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

வருஷக்கணக்காக டீச்சர் அவருக்குக் கொடுத்த வேலை மடிப்பு மாற்றுவது மட்டும்தான். ஒரு நாள் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப டீச்சர் ஒரு பொம்மையைத் தனியா எங்கிட்ட விடுவிய?"

"அந்தப் பச்சைப் பாவாடைய இன்னும் மாத்தலையே" என்றார் டீச்சர்.

யாராவது பழைய பொம்மையைக் கொண்டுவந்தால் டீச்சர் உடனே தொடமாட்டார். முதலில் காப்பி. பிறகு பேச்சு. இது யாருடையது, யார் கொடுத்தது, யார் விளையாடியது, இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் ஓடும். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து நெளிவார். பொம்மைக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் பொம்மையின் சம்பந்தி வீட்டைக்கூட விசாரிக்கிறாரே என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தது உண்டு.

நாகர்கோவிலில் இருக்கிற தங்கைக்கு ஆபரேஷன் என்று டீச்சர் கிளம்ப வேண்டி வந்தது. வீட்டுச் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தார். யாராவது வந்தால் பொம்மையை வாங்கி வையுங்கள், காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள், வேலையை நான் வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பாக்கியத்தாய் வந்தார். தலை நரைத்த அம்மா. மஞ்சள் பைக்குள் ஒரு மரப்பாச்சியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு சென்னைக்குப் போகிறார்களாம், சனிக்கிழமை ரயிலாம். பொம்மையின் கவுனை ராமபாணப் பூச்சி அரிக்கிறது, மேலே அரிக்காமல் ஏதாவது செய்து கொடுத்தால் கையோடு கொண்டுபோய்விடுவேன் என்றார்.

அண்ணாச்சி துண்டைப் பிரித்தார். அசல் செம்மரம், இந்தக் காலத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத வேலைப்பாடு. அதன் மேலே ஒரு சீட்டித் துணிக் கவுன். ரோஸ் கலரில் வெள்ளைப் புள்ளி. கறுப்பு நூலால் கோணல் மாணலாகத் தைத்து, முன்பக்கம் வரவேண்டிய கழுத்து முதுகுப் பக்கம் போயிருந்தது. ராணிக்குச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார்களே என்று அவருக்கு வயிறெரிந்தது.

காப்பி போடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள் அம்மா, பிரமாதமாகச் செய்து வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

செய்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும். இத்தனை வருஷம் காத்துக்கிடந்த கை ஆசை தீர வேலை செய்தது. உச்சந்தலையில் பிள்ளைகள் கடித்த பல் தடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். நெற்றியில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைச் சுரண்டினார். தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளவென்று துடைத்தார். தன் வீட்டிலிருந்து பழைய அரக்குப் பட்டு கொண்டுவந்து, சரிகைக் கரை கீழே வருகிற மாதிரி சின்னப் பாவாடை தைத்து உடுத்தினார். எண்ணெய் துடைக்க ஒரு துணி வேண்டியிருந்தது. மேஜைமேல் கழற்றிப்போட்ட கவுன் கிடந்தது. அதாலேயே துடைத்தார். பாவி மனுஷன்.

வெள்ளிக்கிழமை பாக்கியத்தாய் வந்தார். மேஜைமேல் நின்ற பொம்மையைப் பார்த்தார், அழகாயிருக்கு என்றார். என் பொம்மை எங்கே என்று கேட்டார்.

இதுதான் அம்மா உங்கள் பொம்மை என்றார் அண்ணாச்சி. முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அம்மா பொம்மையைக் கையில் எடுக்கவில்லை. கவுனைக் கேட்டார். அண்ணாச்சி உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். பூச்சி அரித்த இடத்தில் எல்லாம் கிழிந்து, எண்ணெயும் செம்மரச் சாயமும் ஏறிப்போய், கந்தலாக இருந்தது. பாக்கியத்தாய் அதை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"எம் மக சொர்ணா தச்சது. காய்ச்சல்ல படுத்துக்கிட்டே தச்சா. கழுத்து பின்னாடி போயிருச்சுட்டி, கொண்டா நான் பிரிச்சுத் தச்சுத் தாரேன்னேன். வேண்டாம்மா, காய்ச்சல் விட்டதும் நானே தச்சுக்கிடுதேன்னா."

அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கோமதிநாயகம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

பாக்கியத்தாய் கந்தலை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அண்ணாச்சி பின்னாலேயே வாசல்வரை போனார். அது எங்கள் வீட்டுப் பொம்மை இல்லை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார் அந்த அம்மா. கோபமாகச் சொன்ன மாதிரியே தெரியவில்லை.

அன்று மத்தியானமே டீச்சர் வந்துவிட்டார். அண்ணாச்சி ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அழுதார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முடித்ததும் டீச்சர் மரப்பாச்சியை எடுத்து, பட்டுப் பாவாடையின் மடிப்பைச் சரி செய்து, அவர் கையில் கொடுத்தார்.

"தனியா செய்யணும்னு கேட்டுக்கிட்டே இருந்திய. இது நீங்க தனியா செஞ்சது. உங்க வீட்லயே இருக்கட்டும்."

வேறு சமயமாக இருந்தால் அந்தப் பொம்மைக்கு அண்ணாச்சி வீட்டை எழுதிக் கொடுத்திருப்பார். இப்போது சும்மா கிடைத்தது. கொண்டுபோய் அலமாரியில் வைத்தார், கதவைச் சாத்தினார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

சாயங்காலம் ஏதோ தோன்றி எழுந்து தன் கடைக்குப் போனார். குடோனில் பழைய துணிகளைக் கிளறினார். அதே ரோஸ் சீட்டி, அதே வெள்ளைப் புள்ளி, ஒரு துண்டு அகப்பட்டது. கடவுளே கொடுத்தார் என்று நினைத்தார். கறுப்பு நூல் கோத்து உட்கார்ந்தார். ஒழுங்காகத் தைத்தே பழகிய கை. கோணலாகத் தைக்க அது படாத பாடு பட்டது. தையல் நேராகப் போனால் பிரித்தார், மறுபடி கோணலாகப் போட்டார். முடிச்சு வெளியே தெரிய வேண்டும், தெரிய வைத்தார். கழுத்தைக் கவனமாக முதுகுப் பக்கம் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் பொம்மைக்கு அதை மாட்டி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார். ரயிலுக்கு நேரம் இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போய் அந்த அம்மா கையில் கொடுத்துவிடலாம், நீங்களும் கூட வந்தால் வாங்கிக்கொள்வார்கள் என்றார். தலைகூடச் சீவாமல் வந்திருந்தார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பொம்மையிலிருந்து கவுனைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். துணியைத் தடவினார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழுத்து பின்னாடி இருக்கே, அண்ணாச்சி."

"அது அப்படித்தான் இருந்திச்சு, டீச்சர்."

டீச்சர் கவுனை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். விட்டதும் பிரிச்சுத் தைக்கலாம்னு வச்சிருந்தா. உங்களுக்கு என்ன காய்ச்சல்?"