மணலில் வென்ற போர்

அண்ணனும் தம்பியும் ஒரே அரியணைக்காக மோதிக்கொண்ட காலத்தில், தம்பியின் படைக்குத் தலைமை தாங்கித் தோற்றவர் விடங்கர். அவரோடு ஆற்றுத்துறைக்குப் போனவர்களில் வேறொருவரும் திரும்பவில்லை. எதிரே நின்றவர்களிலும் மீண்டோர் மிகச் சிலரே. அதன்பின் அவர் சமணக் குன்றுக்கு வந்து, தம்மினும் வயதில் மிக இளையவரான பெண் ஆசிரியர் குரத்தியாரிடம் சீடராகச் சேர்ந்தார்.

நோன்பு பழகினார், மௌனமும் பழகினார். ஆயினும் நாள்தோறும் குகை வாயிலில் மணலைப் பரப்பி, கூழாங்கற்களை நிறுத்தி, அந்தப் போரை மறுபடியும் நடத்துவார். ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ஆணை. ஒவ்வொரு நாளும் வெற்றி. அந்த வெற்றியைச் சொல்லி மகிழ அருகில் ஆள் இராது. கற்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஒரு மாலை, தூதன் ஒருவன் வந்தான். மீண்டும் போர் மூண்டுவிட்டது. தம்பி இளவரசர் விடங்கரையே தலைமையேற்க அழைக்கிறார். தூதனைக் குன்றின் அடியில் நிற்கவைத்துவிட்டு, விடங்கர் குரத்தியாரிடம் விடைபெற வந்தார்.

"அடிகளே, இம்முறை தோற்க மாட்டேன். பிழை எங்கே என்று கண்டுவிட்டேன்."

"காட்டும், படைத்தலைவரே. உம் கற்களுக்குத்தான் நல்ல பயிற்சி ஆயிற்றே."

விடங்கர் கற்களை நிறுத்தினார். "குதிரைகளை நடுவில் வைத்தேன். மேல்துறையில் ஆற்றைக் கடக்க விட்டிருந்தால், இதோ, நக்கன் அகப்பட்டிருப்பான்."

"நக்கன் யார்?"

"எதிரிப் படைத்தலைவன். என்னிடம் வில் பயின்றவன்."

"பக்கத்தில் இருப்பது?"

"அவன் தம்பி. குதிரையேற்றம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஏறுவதைவிட விழுவதில் கெட்டிக்காரன்." விடங்கரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

"எல்லாம் ஒரே நிறக் கற்கள். உம்மவர் யார், எதிரி யார் என்று எப்படி அறிவீர்?"

"களத்திலும் அதே குழப்பம்தான். முந்தைய மாதம்வரை ஒரே படை அல்லவா? அதே உடை, அதே கொம்பு, அதே முரசு. அடையாளத்துக்கு எங்கள் ஆட்கள் கையில் பனையோலை கட்டிக்கொண்டார்கள்."

"முரசுமா?"

"அதுதான் பெருந்தொல்லை. நான் 'முன்னேறு' என்று அடித்தால் அவர்களும் முன்னேறினார்கள்!"

"'திரும்பு' என்று அடித்திருந்தால்?"

விடங்கரின் கை ஒரு கல்லின்மேல் நின்றது.

"அவர்களும் திரும்பியிருப்பார்கள். பழகிய கால்கள்."

"இத்தனை போர் நடத்தினீரே. ஒருமுறையேனும் இந்த மணலில் அதை அடித்துப் பார்த்தீரா?"

"அது போரே இல்லையே, அடிகளே!" விடங்கரின் குரல் உயர்ந்தது. "வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, திரும்பச் சொல்வதா? விடங்கன் கோழை என்று பேசியிருப்பார்கள்."

"யார்?"

"யாரா? என் வீரர்கள். நக்கன். அவன் தம்பி. என் பக்கத்தில் குதிரைமேல் இருந்த என் மகனே சிரித்திருப்பான். எல்லோரும் பேசியிருப்பார்கள்."

"ஆம்," என்றார் குரத்தியார். "பேசுவதற்கு எல்லோரும் இருந்திருப்பார்கள்."

கீழிருந்து தூதன் குரல் கொடுத்தான். விடங்கர் எழவில்லை.