தெய்வசிகாமணி சார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிய விதம்

மொட்டைவாகைக்குளம் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகக் கோமளவல்லி டீச்சர் வந்து பத்தே நாள்தான் ஆகியிருந்தது. அங்கே யார் எப்படி என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகிற கடைசி நாளன்று வெளியூரில் அவசரக் கூட்டம் என்று தகவல் வந்ததும், கொஞ்சமும் யோசிக்காமல் கணக்கு வாத்தியார் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு ஒரு சீட்டை நீட்டினார்.

"சார், நான் நாளைக்குக் காலையிலதான் வருவேன். செய்ய வேண்டியதெல்லாம் இதுல இருக்கு. ஒவ்வொரு வரியாப் படிச்சு, எழுதினது எழுதினபடி செஞ்சிருங்க."

தெய்வசிகாமணி சாருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதுவரை எந்தத் தலைமையாசிரியரும் அவரை நம்பி ஒரு சாக்பீஸ் டப்பாவைக்கூட ஒப்படைத்ததில்லை. சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓர் எழுத்துப் பிசகாமல் செய்து முடித்து, டீச்சர் வாயால் 'பரவாயில்லையே' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

மற்ற வாத்தியார்கள் எல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தார்கள். தெய்வசிகாமணி சாரையும், தமிழ் ஐயா வேதமாணிக்கத்தையும், பி.டி. மாஸ்டர் இன்பராஜையும் மட்டும் ஏனோ எந்த வருஷமும் யாரும் கூப்பிடுவதில்லை. இவர்களோடு ஆபீஸ் பியூன் மாடக்கண்ணுவும் சேர, நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்த வரியைக் கண் பார்த்துவிடாமல் தெய்வசிகாமணி சார் சீட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

"வழியனுப்பு விழா. மாலை 4 மணிக்கு."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மணிக்கு மாலையா?" என்றார் இன்பராஜ்.

தமிழ் ஐயா கண்ணை மூடி யோசித்தார். "'மணிக்கு' என்பதில் 'கு' நான்காம் வேற்றுமை உருபு. கொடைப் பொருளில் வரும். ஆக, நாலு மணிகளுக்கு மாலை கொடுக்க வேண்டும். இலக்கணப்படி வேறு வழியே இல்லை."

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு மணிதானே இருக்கு?" என்று கவலைப்பட்டார் தெய்வசிகாமணி சார். "நாலுல ஒண்ணு போக இன்னும் மூணு வேணும்." கணக்கில் அவரை அசைக்க முடியாது.

இன்பராஜின் சைக்கிள் மணி ஒன்று. மாடக்கண்ணு வீட்டு மாட்டின் கழுத்து மணி இன்னொன்று. மாடு கழற்ற விடாததால் மாட்டோடு ஓட்டி வந்தார்கள். நாலாவது மணிக்கு எங்கே போவது என்று அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, எதிர்த்த டீக்கடையில் இருந்த மணியையே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

இருபத்து மூன்று பிள்ளைகளும் கை தட்ட, நாலு மணிக்கும் மாலை விழுந்தது. மாடு தன் மாலையைத் தின்றுவிட்டது. டீக்கடை மணி மட்டும், "என் கல்யாணத்துக்குப் பொறவு இன்னைக்குத்தாம்யா எனக்கு மாலை விழுது" என்று தழுதழுத்து, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"விழா நல்லாவே நடந்திருச்சு" என்று திருப்தியோடு கட்டைவிரலை ஒரு வரி கீழே இறக்கினார் தெய்வசிகாமணி சார்.

"பிள்ளைகளைக் கண் கலங்காமல் அனுப்பி வைக்கவும்."

உடனே மாடக்கண்ணு டார்ச் லைட்டோடு கேட்டருகே நின்றுகொண்டார். ஒவ்வொரு பிள்ளையாக வர, இமையைத் தூக்கிப் பார்த்து, "கலங்கல, போ" என்று அனுப்பினார். முதல் ஒன்பது பேர் போய்விட்டார்கள். பத்தாவதாக வந்தாள் செண்பகவடிவு. அவள் காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு கண்ணும் கலங்கியிருக்கு சார்."

"நிறுத்து. தெளியட்டும்."

"சார், நாலரை பஸ்ஸு போயிரும் சார்" என்று அவள் இன்னும் பலமாக அழுதாள். அவளைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் அழுதார்கள். அழுகையை நிறுத்த இன்பராஜ் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடக்கண்ணு டார்ச்சை அணைத்துவிட்டார். "இப்ப ஒருத்தர்கூடத் தேறாது சார்."

தமிழ் ஐயா சீட்டை வாங்கிக் கூர்ந்து பார்த்தார். "பொறுங்கள். 'கண் கலங்காமல்' என்றுதான் இருக்கிறது. யார் கண் என்று இல்லையே! அனுப்புகிறவர் கண் என்று கொண்டால்?"

எல்லாருக்கும் உயிர் வந்தது. அனுப்புகிறவர் தெய்வசிகாமணி சார். அவர் கேட்டருகே வந்து நின்றார். செண்பகவடிவு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "போய்ட்டு வாரேன் சார். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்ததே நீங்கதான்" என்றாள். அவ்வளவுதான். சாருக்கு மூக்கு சிவந்தது, கண்ணாடி மங்கியது.

"சார், கலங்குது, கலங்குது!" என்று கத்தினார் மாடக்கண்ணு.

சார் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இப்பப் பாரு. கலங்கியிருக்கிறது தெரியுதா?"

"தெரியல சார்."

அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, கையில் பட்ட தலையை எல்லாம் தொட்டு, "நல்லாப் படி, போய்ட்டு வா" என்று வரிசையாக அனுப்பி வைத்தார். பதினாலு பேர்தான் பாக்கி. ஆனால் பதினைந்து பேர் போனார்கள். எல்லாரும் போயாச்சு என்று சொல்ல வந்த இன்பராஜையும் தலையைத் தொட்டு அனுப்பிவிட்டார். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாதென்று இன்பராஜ் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், அங்கே யோசித்துப் பார்த்துத் திரும்பி வந்தார்.

அடுத்த வரி: "விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிடவும்."

புதிய டீச்சருக்கு இவ்வளவு பிரியமான மனசா என்று நால்வருக்கும் ஆச்சரியம். ஆனாலும் பெஞ்சைப் போட்டு ஏறி, ஒவ்வொரு டியூப் லைட்டையும் மார்போடு அணைத்தார்கள். விசிறிதான் சிரமம் கொடுத்தது. சுற்றுகிற விசிறியை எப்படி அணைப்பது? சுவிட்சைத் தட்டி நிறுத்தினார்கள்; ஆசை தீர அணைத்துக்கொண்டார்கள்; நிறுத்தச் சொல்லி எழுதவில்லையே என்று மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். சட்டையெல்லாம் ஒட்டடை. பதினோரு விசிறியும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன.

கடைசி வரியில் கட்டைவிரலை எடுத்தார் சார். "பள்ளியைப் பூட்டி, சாவியை என் அறை மேசைக்குள் வைத்துவிடவும்."

மேசைக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தால் பூட்டச் சாவி இல்லை. பூட்டினால் மேசைக்குப் போக வழி இல்லை. இரண்டு தடவை இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார்கள்.

"'பூட்டி' என்பது வினையெச்சம். முதலில் பூட்டு, பிறகுதான் வைப்பு" என்று தீர்மானமாகச் சொன்னார் தமிழ் ஐயா.

"அப்ப ஒருத்தர் உள்ளே இருந்தாகணும்" என்றார் தெய்வசிகாமணி சார். "பொறுப்பு என்னோடது. நான் இருக்கேன்."

அவர் டீச்சர் அறைக்குள் போய் நின்றுகொண்டார். மாடக்கண்ணு வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, வந்து ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை நீட்டினார். சார் வாங்கி மேசைக்குள் வைத்துச் சாத்தினார். சீட்டில் இனி வரி இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. ஜன்னல் வழியாக மூவருக்கும் கை கொடுத்தார்.

மறுநாள் காலை கோமளவல்லி டீச்சர் வந்து பார்த்தபோது, ஜன்னலுக்கு உள்ளே தெய்வசிகாமணி சார் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். வெளியே மாடக்கண்ணு கம்பி வழியாக அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள என்ன பண்றீங்க? சாவியை எடுத்துக் குடுங்க!"

"வைக்கத்தானே டீச்சர் எழுதியிருக்கீங்க? எடுக்கச் சொல்லி எழுதலையே" என்றார் சார் பணிவாக.

டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 'சாவியை மாடக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு உடனே வெளியே வரவும்' என்று எழுதி நீட்டினார். சார் இரண்டு முறை படித்தார். சாவியைக் கொடுத்தார். 'உடனே' என்று இருந்ததால் ஒரு நொடியும் தாமதிக்காமல், பக்கத்திலேயே இருந்த ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்தார். தலை வெளியே வந்துவிட்டது. தோள் வரவில்லை.

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாடக்கண்ணு சாவியோடு கதவருகே போனவர், தயங்கி நின்றார்.

"டீச்சர், கதவைத் திறக்கவா? சார்தான் பாதி வெளியே வந்துட்டாரே."

"அவசரப்பட்டுத் திறந்துராத மாடக்கண்ணு!" என்று கம்பிக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார் தெய்வசிகாமணி சார். "நான் இப்ப உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா? ஐயா வந்து இலக்கணம் பார்த்துச் சொல்லட்டும்!"