மழை பெய்யாத இசைத்தட்டு

வெண்குடி சமஸ்தானத்து மகாராஜா வீரகேசரிக்கு இரண்டில்தான் ஆசை. ஒன்று சாப்பாடு. இன்னொன்று, தேய்ந்துபோன ஒரு பழைய இசைத்தட்டு. சாப்பிட்டதும் அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பார்க்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த எடைக்குத் தட்டு என்ன செய்யும், பாவம்? இரண்டாய்ப் போயிற்று.

பட்டணத்து வியாபாரி மரியசூசை, அதே பாட்டைப் புதிதாக அச்சடித்த தட்டோடு ஓடிவந்தார். "பழசைவிடக் கனம், மகாராஜா. ஒரு பொட்டு இரைச்சல் வராது" என்றார்.

தட்டு சுழன்றது. பாடகி பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது. மகாராஜாவின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

"இது போலி. பழைய தட்டில் அந்த அம்மாள் பாடும்போது பின்னால் சடசடவென்று மழை பெய்யும். இதில் மழை எங்கே?"

"அது மழையில்லை, மகாராஜா. தட்டு தேய்ந்த சத்தம்."

"என் காதையா சந்தேகப்படுகிறாய்?"

மந்திரி உடனே ஒத்து ஊதினார். "மழை உண்மைதான். நான் குடையோடுதான் பாட்டுக் கேட்க வருவேன்."

"நாளைக்குள் இதில் மழை பெய்யவேண்டும். இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க நீ யானைக் கொட்டடியில் லத்தி அள்ளவேண்டியதுதான்" என்றார் மகாராஜா.

அரசவையில் குறும்புக்குப் பேர்போனவர் அம்பலவாணர். மரியசூசை நேராக அவரிடம் போய் அழுதார். "நான் யானையைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள், ஐயா."

"தட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை" என்றார் அம்பலவாணர். "நீர் தட்டைச் சுழலவிடும். மழை என் பொறுப்பு."

மறுநாள் மத்தியானம், கண் பட்டுவிடும் என்று சொல்லி, அம்பலவாணர் பாட்டுப் பெட்டியைத் திரைக்குப் பின்னால் வைத்தார். பாட்டு தொடங்கியது. கூடவே சடசட, படபட என்று அருமையான மழை. மகாராஜாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இதுதான் என் தட்டு. புது அச்சு என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!"

மந்திரி குடையை விரித்தார்.

திடீரென்று மகாராஜாவின் மூக்கு விடைத்தது. "அம்பலவாணரே, மழை சரி. பெருங்காய வாசனை எங்கிருந்து வருகிறது?"

அவரே எழுந்துபோய்த் திரையை விலக்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு. அடுப்பில் வாணலி. அரண்மனைச் சமையல்காரர் பரமு, தாளம் தப்பாமல் கடுகு வெடிக்கவிட்டுக்கொண்டிருந்தார். மரியசூசையின் காதுக்குள் யானை பிளிறியது.

அம்பலவாணர் பணிவாகக் கும்பிட்டார். "பழைய தட்டில் வெறும் மழைதான், மகாராஜா. புது அச்சில் ரசமும் சேர்த்துத் தருகிறார்கள்."

மகாராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். வியாபாரிக்குச் சால்வையும் அம்பலவாணருக்குப் பொற்கிழியும் கொடுக்கச் சொன்னார். பிறகு, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"சரி, தட்டைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தில் அப்பளம் உண்டா?"