ஏகாம்பரம் பொணமா படுத்த கதை

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு கண்ணை மூடினேன். தொறந்தா கழுத்துல மாலை!"

பார்க்கு கேட்டுக்குள்ள கால் வைக்கும்போதே ஏகாம்பரம் கத்திக்கிட்டுதான் வந்தாரு. கக்கத்துல ஒரு பழைய போர்வை. அதுதான் அவரோட யோகா மேட்டு.

ஜெசிந்தா டீச்சர் திரும்பிப் பாத்தாங்க. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். காலங்காத்தால ராயபுரம் பார்க்குல காசு வாங்காம யோகா சொல்லிக் குடுக்கறவங்க. வயசுல ஏகாம்பரத்துக்குத் தங்கச்சி மாதிரி.

"யாருண்ணே மாலை போட்டது?"

"என் மச்சான்! செத்துட்டேன்னு நெனச்சுப் போட்டுட்டான்!"

டீச்சர் சிரிக்கல.

"உக்காருங்கண்ணே."

"உக்காரத்தான் வருதே டீச்சர்! படுக்கறதுதானே வரல!"

அது நெசந்தான்.

ஏகாம்பரம் ஸ்கூல் வேன் ஓட்டறவரு. போன வருஷம் அவரு அண்ணன் ராத்திரி சாப்ட்டுட்டுப் படுத்தாரு. காலையில எந்திரிக்கல. அண்ணனுக்கு அப்ப என்ன வயசோ, அந்த வயசு இப்ப இவருக்கு.

அவ்ளோதான். கண்ணை மூடினா நெஞ்சு திடும் திடும்னு அடிச்சுக்கும். ராத்திரி பூரா பீரோவுல முதுகைச் சாச்சுக்கிட்டு, காவல் நாய் மாதிரி முழிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு.

பகல்ல தலை ஸ்டியரிங்ல சாயும். போன வாரம் மேம்பாலத்து மேல புள்ளைங்க "அங்க்கிள்!"னு போட்ட கூச்சல்லதான் முழிச்சாரு. வேன் ஓனர் சாவியைப் புடுங்கிட்டாரு.

"நல்லாத் தூங்கிட்டு வா. சாவி தர்றேன். தூங்காம இந்தப் பக்கம் வராதே."

டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாரு. "ஒடம்புல ஒண்ணுமில்ல. யோகா பண்ணுங்க"ன்னாரு.

ஏகாம்பரம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு யோகா சென்டருக்குப் போனாரு. உள்ள ஒரு பொண்ணு, மூக்காலயே பேசிச்சு. "சாஆஆர், மேட் தனி, பிளாக் தனி, பெல்ட் தனி."

"மூச்சு மட்டும் வீட்டுலேருந்து எடுத்தாரலாமா?"ன்னு கேட்டுட்டு வெளிய வந்துட்டாரு.

அப்புறந்தான் ஜெசிந்தா டீச்சர். மேட்டுக்கு போர்வை, பிளாக்குக்கு செங்கல், பெல்ட்டுக்கு கிழிஞ்ச வேட்டின்னாங்க. பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற எடம் இருந்துச்சு. ஏகாம்பரம் வீட்டுலயே எல்லாம் செஞ்சாரு. ஒண்ணைத் தவிர.

"கடைசியில பொணம் மாதிரி படுக்கணும்ணே. சவாசனம்."

"தவளை மாதிரி படுக்கறேன் டீச்சர். முதலை மாதிரி படுக்கறேன். வெட்டுக்கிளி கூட ஓகே. இது மட்டும் வேணாமே?"

"இது மட்டும் போதும்ணே. மத்தது வேணாம்."

நேத்து பகல்ல அதைத்தான் செஞ்சிருக்காரு. இப்ப பார்க்குல நின்னு மூச்சு வாங்கறாரு.

"என்ன ஆச்சுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல! வீட்டுக்காரி வேலைக்குப் போயிட்டா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாலு பேரு பாக்கட்டும்னு கதவை அகலமாத் தொறந்து வெச்சேன். வெள்ளை வேட்டி. போர்வை மேல மல்லாக்கப் படுத்தேன். கையை விரிச்சேன். நீங்க சொன்ன மாதிரி மூச்சை மெதுவா விட்டேன். கண்ணை மூடினேன்."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டு பட்டம்மா எட்டிப் பாத்திருக்கா."

ஏகாம்பரம் இடுப்புல கை வெச்சாரு, தலையைச் சாச்சாரு, பட்டம்மாவாவே ஆயிட்டாரு.

"'ஐயோ ஏகாம்பரம்ணே! கொத்தமல்லி வாங்கியாறேன்னு சொன்னியே! வாங்காமயே பூட்டியே!'"

டீச்சர் ஒதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க.

"யாராச்சும் தொட்டுப் பாக்கலையா?"

"தொடத்தான் வந்தாங்க. மாடி வீட்டு ரிட்டயர்டு ஏட்டு விடல."

ஏகாம்பரம் இல்லாத தொப்பையைத் தள்ளிக்கிட்டு, இல்லாத மீசையைத் தடவினாரு.

"'யாரும் பாடியைத் தொடாதீங்க! கேஸாயிடும்! வீட்டாளு வரட்டும்!' இவரே மூக்குகிட்ட வெரலை நீட்டியிருக்காரு. மேல ஃபேன் ஓடுது. என் மூச்சா, ஃபேன் காத்தான்னு இவருக்குத் தெரியல. 'முடிஞ்சிடுச்சு'ன்னுட்டாரு. வீட்டுக்காரிக்கு அடிச்சா, கம்பெனியில போனை வாங்கி வெச்சுக்குவாங்களே, எடுக்கல. மச்சானுக்கு அடிச்சிருக்காரு. மச்சான் வந்தான். மாலையைப் போட்டான். ஈர மாலை! சில்லுனு நெஞ்சுல பட்டுச்சு. 'யாருடா அது?'ன்னு எந்திரிச்சேன். பட்டம்மா மயங்கி விழுந்துட்டா."

சொல்லிட்டுச் சிரிப்பாருன்னு டீச்சர் பாத்தாங்க.

சிரிக்கல. போர்வையை ரெண்டு கையாலயும் இறுக்கிக்கிட்டாரு.

"எல்லாரும் 'உனக்கு ஆயுசு கெட்டிய்யா'ங்கறாங்க. எனக்கு அப்டித் தோணல டீச்சர். அழுதுட்டாங்க. மாலையும் விழுந்துடுச்சு. இன்னும் என்ன பாக்கி? நான் போறதுதானே பாக்கி?"

ஏகாம்பரம் போர்வையை டீச்சர்கிட்ட நீட்டினாரு.

"எனக்கு இந்த யோகா ஆவாது. அண்ணன் மாதிரியே போயிடுவேன். வேன் சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தாங்க போர்வை, யாருக்காச்சும் குடுத்துடுங்க."

டீச்சர் போர்வையை வாங்கிக்கிட்டாங்க.

"எவ்ளோ நேரம்ணே கண்ணை மூடியிருந்தீங்க?"

"எங்க மூடவுட்டாங்க? இதோ, இப்டி." ஏகாம்பரம் கண்ணை ஒரு தடவை சிமிட்டிக் காட்டினாரு. "மூடினேன். மாலை. அவ்ளோதான்."

"பட்டம்மா அழுதது?"

"அது அவளே அப்புறமா அழுது காட்டினா."

"ஏட்டு பேசினது?"

"அவரும் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. அதுக்குள்ளதான் மாலையைப் போட்டுட்டானே!"

"மச்சான் வீடு உங்க தெருவுலயேவா?"

"அவன் எதுக்கு டீச்சர் இங்க இருக்கான்? அவன் செங்கல்பட்டு. ஏட்டு போன் போட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கான். ட்ரெயின் புடிச்சு ரெண்டு மணி நேரம் வந்திருக்கான். பீச் ஸ்டேஷன்ல எறங்கி, பூக்கடைக்குப் போயி, மாலைக்காரன்கிட்ட பேரம் பேசி, வாங்கிட்டு வந்து நின்னா, பஸ்ஸு வராம..."

ஏகாம்பரம் வாய் தொறந்தபடியே நின்னுச்சு.

டீச்சர் போர்வையை ஒதறி, நாலா மடிச்சு, அவரு கையில திருப்பி வெச்சாங்க.

"சொல்லுங்கண்ணே. பஸ்ஸு வராம?"

"நடந்தே வந்தான் டீச்சர்."