சனிக் கணக்கில் இரண்டு வயது

நெடுங்கானல் நாட்டு மன்னர் விசயகண்டருக்கு அறுபது நிறைந்த மாதத்தில் கல்யாண ஆசை வந்தது. பெண், தளபதி மழவராயரின் மகள். பதினெட்டு வயது. தளபதி பயந்து பயந்து மன்னரின் வயதைச் சொல்லிப் பார்த்தார்.

சபையிலே காரிநாதர் என்றொரு சோதிடர். மன்னர் தும்மினால் அதற்கும் நல்ல சகுனம் சொல்கிற ஆசாமி. சூரியன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு வருஷம் என்பது சாமானியர் கணக்கு என்றார் அவர். அதே சக்கரத்தைச் சுற்ற வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம், சனிக்கு முப்பது. மன்னர் பிறந்ததோ சனிக்குச் சொந்தமான மகர ராசியில். ஆகவே சனி ஒரு சுற்று முடித்தால்தான் அவருக்கு ஒரு வயது. இப்போது இரண்டே வயது.

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார். வயதையும் கல்யாணத்தையும் ஊரெங்கும் முரசறையச் சொன்னார். சபை மொத்தமும் தலையாட்டியது.

அவைப்புலவன் வெண்காடன் மட்டும் ஆட்டவில்லை. மழவராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். இத்தனை மேதாவிகள் இருந்தும் ஒருவருக்கும் வாய் இல்லையே என்று அருவருப்பாக இருந்தது அவனுக்கு.

மறுநாள் சபை கூடியதும் வெண்காடன் மன்னரின் தம்பிக்கு முன்னால் போய் நின்று வணங்கினான்.

"இளவரசே, அரியணைக்கு வாருங்கள்."

என்ன உளறல் இது என்று சீறினார் மன்னர்.

"பதினாறு நிரம்பாதவர் ஆளக்கூடாது என்பது தங்கள் பாட்டனார் போட்ட சட்டம், மன்னா. தங்களுக்குப் பதினாறு ஆக இன்னும் நானூற்று இருபது வருஷம் இருக்கிறது. அதுவரை தம்பிதானே பார்த்துக்கொள்ள வேண்டும்?"

தம்பி ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. மேலாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டார்.

மன்னர் சோதிடரைப் பார்த்தார். சோதிடர் கூரையில் கிரகம் தேடிக்கொண்டிருந்தார்.

அரியணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தமக்கு அறுபது வயதுதான் என்று மன்னர் ஒப்புக்கொண்டார். தம்பி முகம் சுருங்கி உட்கார்ந்தார். ஆனாலும் மன்னருக்கு மனசு ஆறவில்லை.

"கல்யாணம் என்று முரசறைந்தாயிற்று. இப்போது இல்லை என்றால் ஊர் சிரிக்காதா?"

"ஏன் இல்லை என்கிறீர்கள்? அறுபது நிறைந்தவருக்கு அறுபதாம் கல்யாணம் உண்டே. பெண் தேடவும் வேண்டாம். நாற்பது வருஷமாக அந்தப்புரத்தில் இருக்கிறார், எங்கள் மகாராணி."

முதலில் சிரித்தவர் தளபதி. வேறு வழியில்லாமல் மன்னரும் சிரித்து, கழுத்து மாலையைக் கழற்றி வெண்காடனிடம் கொடுத்தார்.

காரிநாதர் அந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். இதைவிடப் பொருத்தமான ஜோடியைத் தாம் பார்த்ததே இல்லை என்றார்.